எதிரலையில் போகும் கப்பல் ஏன் பக்கவாட்டில் உருள்கிறது?

முதல்பயணம்:

வணக்கம். கன்டெய்னர் கப்பலில் கடெட்டாக (பயிற்சி அதிகாரியாக) ஏறி நான்கு மாதம் ஆகிறது. ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது.

அலை பக்கவாட்டில் அடித்தால் கப்பல் உருளும், அது புரிகிறது. அதனால்தான் வானிலை கெட்டால் அணியத்தை (கப்பலின் முன்பகுதியை) அலைக்கு நேராகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, தாக்குப்பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். போன வாரம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். அலை நேர் எதிரே. கப்பல் முன்னும் பின்னும் குத்திக்கொண்டிருந்தது, பக்கவாட்டு ஆட்டம் 3, 4 டிகிரிதான். திடீரென்று 8, 15, 22 என்று ஏறிவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கேப்டன் ஓடி வந்து கோர்ஸை மாற்றிய பிறகு மெல்ல அடங்கியது. மெஸ்ஸில் உடையாத தட்டு இல்லை. டெக்கில் நல்லவேளை ஒன்றும் விழவில்லை.

பக்கத்திலிருந்து அலையே வராதபோது கப்பலை உருட்டியது எது? கேப்டன் "பாராமெட்ரிக்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். திரும்பக் கேட்கத் தயக்கம்.

கயிறும்கொக்கியும்:

ஒன்றும் விழவில்லை என்றால் முதலில் டெக் ஆட்களின் தலைவரான போசனுக்கு நன்றி சொல் தம்பி. 22 டிகிரியில் பெட்டிகளைப் பிடித்து நிறுத்தியது கட்டுதான். கடல் எப்படி ஆட்டினாலும் சரி, ராடும் (கட்டும் இரும்புக் கம்பி) டர்ன்பக்கிளும் (அதை முறுக்கி இறுக்கும் திருகு) ஒழுங்காக இருந்தால் பெட்டி நிற்கும். விழுகிற இடத்தில் எல்லாம் போய்ப் பார்த்தால் எங்கோ ஒரு தளர்ந்த கட்டு இருக்கும். பாராமெட்ரிக், அது இது என்பதெல்லாம் அப்புறம் வக்கீல்கள் பேசிக்கொள்வது.

ஸ்டாப்வாட்ச்:

அண்ணே, கட்டு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் தம்பியின் கேள்வி.

தொட்டிலை ஆட்டுவதும் ஊஞ்சலில் நின்று ஆடுவதும் வேறு வேறு. தொட்டிலை வெளியிலிருந்து ஒருவர் தள்ளுகிறார். அதன் ஆட்டத்துக்கு இசைவாக, ஒரு ஆட்டத்துக்கு ஒரு தள்ளு. பக்கவாட்டு அலை கப்பலுக்குச் செய்வது இது. அலை வந்து மோதும் காலமும் கப்பலின் இயல்பான உருளல் காலமும் ஒன்றாகிவிட்டால் ஆட்டம் வளரும்.

ஊஞ்சல் பலகையில் நின்றுகொண்டு ஆடும் சிறுவனை யாரும் தள்ளுவதில்லை. இரண்டு கோடியிலும் உட்காருகிறான், நடுவைக் கடக்கும்போது எழுகிறான். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு முறை. பக்கவாட்டில் எந்த விசையும் இல்லை, ஆனால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகிறது. உன் கப்பலுக்கு நடந்தது இதுதான். கேப்டன் சொன்ன பாராமெட்ரிக் என்பதும் இதைத்தான்.

கப்பலில் உட்கார்ந்து எழுவது எது என்றால், அதன் நிமிரும் பலம். கன்டெய்னர் கப்பலின் அணியம் மேலே போகப் போக அகன்று விரியும். பின்பக்கமும் தட்டையாக அகலமாக இருக்கும். நடுப்பகுதி மட்டும் செங்குத்துச் சுவர். அலையின் முகடு நடுக்கப்பலில் நிற்கும்போது முன்னும் பின்னும் தண்ணீர் இறங்கிவிடுகிறது. அந்த அகலமான பகுதிகள் வெளியே தெரிகின்றன, நீர்க்கோட்டில் கப்பலின் பரப்பு சுருங்குகிறது, நிமிரும் பலம் குறைகிறது. பள்ளம் நடுவில் வரும்போது முன்னும் பின்னும் தண்ணீருக்குள் மூழ்கி, பரப்பு விரிந்து, பலம் கூடுகிறது.

கப்பல் ஒரு பக்கம் முழுக்கச் சாய்ந்திருக்கும்போது பலம் கூடினால் வெடுக்கென்று நிமிர்க்கும். அந்த வேகத்தில் நடுவைக் கடக்கும் நேரத்தில் பலம் குறைந்தால், பிடித்து நிறுத்த ஆளில்லாமல் மறுபக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போகும். அங்கே மறுபடி பள்ளம், மறுபடி வெடுக். ஒரு உருளலுக்கு இரண்டு அலை. அதாவது அலையைச் சந்திக்கும் காலம் உருளல் காலத்தில் பாதியாக இருந்தால் வினை. அலை நீளமும் ஏறக்குறைய கப்பல் நீளத்துக்கு வர வேண்டும், உயரமும் ஓரளவு வேண்டும். மூன்றும் சேர்ந்துவிட்டால் ஐந்தாறு ஆட்டத்தில் 30 டிகிரியைத் தொட்டுவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. வில்லியம் ஃபுரூட் 1860களிலேயே, குத்தாட்டத்தின் (முன்னும் பின்னும் குத்தும் ஆட்டம்) காலம் உருளல் காலத்தில் பாதியாக இருக்கும் கப்பல் கடலில் மோசமாக நடந்துகொள்ளும் என்று கவனித்து எழுதிவிட்டார். கப்பல்கள் இந்த வடிவத்துக்கு வந்த பிறகுதான் நமக்கு உறைத்தது.

உன் கப்பலின் அகலம், அன்றைய ஜி.எம்., வேகம், அலையின் காலம் நான்கையும் சொல். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கரையில்நிற்பவன்:

நான் கப்பல்காரன் இல்லை, சும்மா படிக்கிறவன். ஊஞ்சல் உதாரணம் நன்றாகப் புரிந்தது. ஜி.எம். என்றால் என்ன? நிமிரும் பலம் என்றால், அதை முடிந்தவரை அதிகமாக வைத்துக்கொண்டால் உருளவே உருளாதே?

ஸ்டாப்வாட்ச்:

எல்லாரும் விழுகிற குழி இது. ஜி.எம். என்பது கப்பலின் எடைமையத்துக்கும், அதற்கு மேலே இருக்கும் மெட்டாசென்டர் என்கிற புள்ளிக்கும் (கப்பல் சற்றே சாயும்போது தண்ணீர் அதை மேலே தள்ளும் கோடு, கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் இடம்) இடையிலான உயரம். அடியில் கனம் அதிகமானால் ஜி.எம். கூடும். தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். கவிழாது, ஆனால் தட்டினால் படபடவென்று ஆடும். அந்தப் பொம்மையின் தலையில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் பாருங்கள், என்ன ஆகும் என்று.

உருளல் காலத்துக்குக் கைக்கணக்கு: அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, ஜி.எம்.-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஜி.எம். கூடினால் காலம் குறையும், ஆட்டம் வெடுக்கென்று இருக்கும்.

அது சரக்குக்கு என்ன செய்யும்? உருளும் அச்சிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் 30 டன் பெட்டி ஒன்று இருக்கிறது, கப்பல் 30 டிகிரி உருளுகிறது என்று வையுங்கள். வெறும் சாய்வு மட்டுமே அந்தப் பெட்டியை 15 டன் விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். உருளல் காலம் 20 நொடி என்றால், திசை மாறும் இடத்தில் வரும் முடுக்கமும் சேர்ந்து சுமார் 20 டன். அதே 30 டிகிரி, ஆனால் 12 நொடி என்றால் 28 டன். கோணம் ஒன்றுதான். பெட்டி வாங்கும் அடி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

சிகாகோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் 2008 செப்டம்பரில், ஹாகுபிட் சூறாவளி வருகிறது என்று ஹாங்காங்கை விட்டு வெளியே வந்தது. சரக்கு குறைவு, ஜி.எம். 7 மீட்டருக்கு மேல். ஏட்டில் பார்த்தால் இரும்புக் கோட்டை. 44 டிகிரி வரை உருண்டது. பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) இருந்த ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார், கேப்டனுக்குப் பலத்த காயம். ஜி.எம். அதிகம் இருந்ததால் கவிழவில்லை என்பது உண்மை. உள்ளே இருந்த மனிதர்களுக்கு அது என்ன செய்தது என்பதும் உண்மை.

கயிறும்கொக்கியும்:

கணக்கு எல்லாம் சரி தம்பி. எனக்கு ஒன்று சொல். சிஎம்ஏ சிஜிஎம் ஜி. வாஷிங்டன், 2018 ஜனவரி, பசிபிக். 20 டிகிரிதான் உருண்டது. 137 பெட்டி கடலில். 20 டிகிரி ஒரு உருளலா? பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை என்ன சொன்னது? வழக்கத்துக்கு மாறான 53 அடிப் பெட்டிகளின் பலக்குறைவு, எடைகளும் இடங்களும் திட்டத்தோடு பொருந்தாதது, தளர்ந்திருக்கக்கூடிய கட்டு. நான் சொன்னதுதானே?

நான் இருபது வருடம் டெக்கில் கம்பியும் கையுமாக இருந்தவன். புறப்பட்ட அன்று முறுக்கிய டர்ன்பக்கிள் மூன்றாம் நாள் கையால் சுற்றினால் சுற்றும். அதைப் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. இருக்கிற ஆளுக்கும் ஓய்வு நேரக் கணக்கு, பெயின்ட் வேலை.

ஸ்டாப்வாட்ச்:

அந்த அறிக்கையை வைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "கட்டு சரியாக இருந்தால் எந்த உருளலிலும் நிற்கும்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. லாஷிங் ராட் கீழேயிருந்து இரண்டாம் மூன்றாம் அடுக்கு வரைதான் எட்டும். அடுக்குகளுக்கு நடுவே லாஷிங் பிரிட்ஜ் என்கிற இரும்பு மேடை இருந்தால் அதற்கும் மேலே சில அடுக்கு. அதற்கு மேலே உள்ள பெட்டிகளைப் பிடித்திருப்பது நான்கு மூலை ட்விஸ்ட்லாக் (பெட்டியைப் பெட்டியோடு பூட்டும் கொண்டி) மட்டும். பெட்டி என்பதே மெல்லிய தகரச் சுவர். ஐஎஸ்ஓ சோதனையில் அது பக்கவாட்டு நெளிவுக்குத் தாங்க வேண்டிய விசை 150 கிலோநியூட்டன், அதாவது சுமார் 15 டன். மேலே ஒரு பெட்டிக்கே 20 டன் வந்தது பார்த்தீர்களா? அடுக்கில் உள்ள அத்தனை பெட்டிகளின் விசையும் கீழ்ப்பெட்டியில் வந்து சேருகிறது. ராட் வாங்கிக்கொள்வது ஒரு பங்கைத்தான். பெரிய கப்பல்களின் லாஷிங் கணக்கே 20 டிகிரியை ஒட்டிய உருளலுக்குத்தான் போடப்படுகிறது. 35-க்குப் போனால் புத்தம்புது ராடும் வேடிக்கை பார்க்கும்.

ஒரு அடுக்கு சரிந்தால் பக்கத்து அடுக்கின் மேல் சாயும். அது தன் சொந்த விசையையே தாங்க முடியாமல் நிற்கிறது, இதுவும் சேர்ந்தால் வரிசையாகப் போகும். அதனால்தான் விழுந்தால் ஒன்று இரண்டு விழுவதில்லை.

கயிறும்கொக்கியும்:

35 டிகிரிக்கு நான் பேசவில்லை. 20-க்குப் பேசுகிறேன். நீ உன் கப்பலில் வாரத்துக்கு எத்தனை முறை டர்ன்பக்கிளைத் தொட்டுப் பார்க்க ஆள் அனுப்புகிறாய், அதைச் சொல்.

எடைச்சீட்டு:

சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் சரக்கு அனுப்புகிற பக்கம். கடலில் விழுந்த பெட்டியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறீர்கள். விழாமல் வந்து சேரும் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

கல் பலகைகள் ஏற்றினோம். மரச்சட்டத்தில் நிறுத்தி, தரையில் ஆணி அடித்து, மேலே ஒரு பட்டி. பெட்டியில் வெளியே ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்தால் ஒரு பக்கச் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி வெளியே தள்ளி, உள்ளே முழுக்கச் சில்லு. காப்பீட்டுக்காரர் புகைப்படத்தைப் பார்த்ததும் "பொதிந்த விதம் போதாது" என்று எழுதிவிட்டார். வயிற்றெரிச்சல்தான், ஆனால் அவர் சொன்னது சரி. ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு), ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு), ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூன்றும் சேர்ந்து 2014-இல் கொண்டுவந்த, பெட்டிகளில் சரக்கைப் பொதிவதற்கான சிடியு விதித்தொகுப்பில் தெளிவாக இருக்கிறது: திறந்த பெருங்கடலுக்குப் பக்கவாட்டில் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசைக்குக் கட்ட வேண்டும். 20 டன் கல்லை 16 டன் பக்கவாட்டில் இழுக்கும். நாங்கள் லாரியில் ரோட்டில் போவதற்குக் கட்டியிருந்தோம்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமுன் ஒவ்வொரு பெட்டிக்கும் சரிபார்த்த எடை தர வேண்டும் என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. தராசில் ஏற்றி நிறுக்கவும் செய்யலாம், உள்ளே வைத்ததை எல்லாம் கூட்டியும் போடலாம். இரண்டாவது முறையில் எப்படிப்பட்ட கூட்டல் நடக்கிறது என்று நான் பொதுவில் எழுதினால் எனக்கு வேலை இருக்காது.

முதல்பயணம்:

எல்லாருக்கும் நன்றி. சார் கேட்ட விவரம்: அகலம் 32.2 மீட்டர், நீளம் 260-க்குப் பக்கம், அன்றைய ஜி.எம். கணினியில் 1.4 மீட்டர். அலையின் காலம் 13 நொடி என்று வானிலைச் செய்தியில் இருந்தது. 16 நாட் (மணிக்கு 16 கடல்மைல்) வேகத்தில் வந்துகொண்டிருந்தோம், குத்தல் அதிகமானதால் 8-க்குக் குறைத்தோம். குறைத்து அரை மணி நேரத்தில் இது நடந்தது.

ஸ்டாப்வாட்ச்:

குறைத்த பிறகா! சரி, போட்டுப் பார்க்கலாம்.

உருளல் காலம்: 32.2 × 0.8 = 25.76. 1.4-இன் வர்க்கமூலம் 1.18. வகுத்தால் 21.8 நொடி. பாதி 10.9.

எதிரலையில் அலையைச் சந்திக்கும் காலத்துக்கு ஐஎம்ஓ சுற்றறிக்கையில் உள்ள சூத்திரம்: அலைக்காலத்தின் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கி, அதை அலைக்காலத்தின் மூன்று மடங்கும் வேகமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகு. 13-இன் வர்க்கம் 169, மும்மடங்கு 507. 16 நாட் வேகத்தில் கீழே 39 + 16 = 55, விடை 9.2 நொடி. 8 நாட் வேகத்தில் 39 + 8 = 47, விடை 10.8 நொடி.

10.8-உம் 10.9-உம். 13 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 264 மீட்டர். உன் கப்பலின் நீளமும் அதேதான். ஜாதகம் பார்த்துச் சேர்த்த மாதிரி எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. 16-இல் தப்பித்துக்கொண்டிருந்த கப்பலை 8-க்கு இறக்கி நீங்களே உள்ளே கொண்டுபோய் விட்டீர்கள். வேகம் குறையும்போது உருளலைத் தணிக்கும் எதிர்ப்பும் குறைகிறது, அது தனி.

கேப்டனைக் குறை சொல்லவில்லை. குத்தல் அதிகமானால் குறைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அணியத்தில் தகடு நெளியும். ஏபிஎல் சைனா 1998 அக்டோபரில் காவோசியுங்கிலிருந்து சியாட்டில் போகும் வழியில் செய்ததும் இதுதான். புயலில் வேகத்தைக் குறைத்து அணியத்தை அலைக்குக் காட்டிக்கொண்டு நின்றது. பாடப்புத்தகத்தில் உள்ளபடி. 35, 40 டிகிரி உருண்டு சுமார் 400 பெட்டிகள் கடலுக்குப் போயின, ஏறக்குறைய அதே அளவு நொறுங்கின. அந்த விபத்தை ஆராய்ந்த பிறகுதான் எதிரலையிலும் இப்படி உருளும் என்று கன்டெய்னர் உலகம் முழுமையாக நம்பியது.

கரையில்நிற்பவன்:

அப்படியென்றால் திரும்பிப் பின்னலையில் ஓடினால் தப்பிக்கலாமா?

ஸ்டாப்வாட்ச்:

அதிலும் வரும். பின்னலையில் சூத்திரத்தில் வேகத்தைக் கழிக்க வேண்டும், சந்திப்புக் காலம் நீண்டுவிடும். உருளல் காலம் 30 நொடியைத் தொடும் பெரிய கப்பல்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். நெதர்லாந்தின் மாரின் நிறுவனம் நடத்திய டாப்டியர் ஆய்வு குறிப்பாகப் பின்னலையைப் பற்றித்தான் எச்சரித்தது. கடல் பார்க்க அமைதியாகத் தெரியும், குத்தல் இருக்காது, யாருக்கும் சந்தேகம் வராது. நான் சூத்திரம் எடுத்த, 2007-இல் வந்த ஐஎம்ஓ 1228 சுற்றறிக்கை உன் கப்பலிலும் இருக்க வேண்டும். தம்பி, பிரிட்ஜில் தேடு. அலமாரியில் தூசியோடு கிடைக்கும்.

ஈரத்தாது:

நான் பல்க் கேரியர் (சரக்கைப் பெட்டியில் போடாமல் அப்படியே ஏற்றும் கப்பல்) ஆள். எங்கள் கப்பலின் உடம்பு பெட்டி மாதிரி, சுவர் நேராக இறங்கும். அலை முகடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் நீர்க்கோட்டுப் பரப்பு பெரிதாக மாறாது. அதனால் இந்த ஊஞ்சல் வியாதி எங்களுக்கு அபூர்வம்.

எங்கள் பயம் வேறு. நிக்கல் தாது, பாக்சைட், நுண்ணிய இரும்புத் தாது எல்லாம் ஏற்றும்போது காய்ந்த மண் மாதிரிதான் இருக்கும், மேலே நடக்கலாம். உள்ளே ஈரம் இருக்கும். நாள் கணக்கில் கப்பல் உருளும்போது துகள்கள் நெருங்கி, நடுவில் உள்ள தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் கூழாகிவிடும் (பாக்சைட்டில் தண்ணீரும் நுண்துகளும் பிரிந்து மேலே கூழாகத் தேங்கும்). ஒரு பக்கம் வழிந்த கூழ் மறு உருளலில் முழுதாகத் திரும்பி வராது. பல்க் ஜூபிடர் 2015 ஜனவரியில் 46,400 டன் பாக்சைட்டோடு வியட்நாமுக்கு அருகே மூழ்கியது. 19 பேரில் ஒருவர்தான் பிழைத்தார்.

இன்னொன்று, உருளலின் குணத்தைக் கவனிக்க வேண்டும். ஒழுங்காக இரண்டு பக்கமும் ஆடினால் 20 டிகிரியானாலும் எனக்குத் தூக்கம் வரும். ஒரு பக்கம் போய்க் கொஞ்சம் நின்று, யோசித்து, மெல்லத் திரும்பினால் 5 டிகிரியானாலும் எழுந்து உடுப்பைப் போட்டுக்கொள்வேன்.

ஏற்றுமுன் டப்பா சோதனை என்று ஒன்று உண்டு. உருளை டப்பாவில் பாதி தாதை நிரப்பி, 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் 25 தடவை தட்ட வேண்டும். மேலே ஈரம் மினுங்கினால் ஏற்றாதே, ஆய்வகத்துக்கு அனுப்பு என்று அர்த்தம். மினுங்கவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு முறை எஃகுச் சுருள் ஏற்றினோம். வரிசையை இறுக்கும் பூட்டுச் சுருள் சரியாக உட்காரவில்லை போல. இரவு இரண்டு மணிக்கு ஹோல்டுக்குள்ளிருந்து (சரக்கு அறை) 'டொம்' என்று ஒரு சத்தம். சரியாக ஒரு உருளலுக்கு ஒன்று. இருபது டன் சுருள் தட்டும் சத்தம் அது. உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. கோர்ஸை மாற்றி அலையைத் தணித்துக்கொண்டு விடியும்வரை அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடியில் போட்ட கட்டைகள் மரத்தூளாகிவிட்டன, பக்கச் சட்டம் இரண்டு வளைந்திருந்தது.

எடைச்சீட்டு:

படிக்கவே வயிற்றைப் பிசைகிறது. ஒன் ஏபஸ் கப்பலில் 1,900 பெட்டி போனதாக அப்போது படித்தேன். அதுவும் இந்த ஊஞ்சல்தானா?

ஸ்டாப்வாட்ச்:

1,900 என்பது முதலில் சொன்ன மதிப்பீடு. கோபே துறைமுகத்தில் வைத்து எண்ணிய பிறகு 1,816 ஆனது. 2020 நவம்பர் 30, ஹவாய்க்கு வடமேற்கே சுமார் 1,600 கடல்மைல். 64 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு, அதில் 54 பட்டாசு. பாராமெட்ரிக் என்று பலரும் எழுதினார்கள். நான் அந்தக் கப்பலின் பயணப் பதிவைப் பார்த்தவன் இல்லை, அதனால் சத்தியம் செய்யமாட்டேன்.

ஆனால் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு கொஞ்சம் அசைவு வந்தது. பெட்டி விழுந்தால் உடனே தெரிவிப்பது 2026 ஜனவரி 1 முதல் சோலாஸில் கட்டாயம்.

முதல்பயணம்:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். 1228 கிடைத்தது. தூசி விஷயத்தில் சார் சொன்னது சரி.

நேற்று லேசான அலை. ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு பத்து உருளல் எண்ணினேன். மூன்று முறை அளந்தேன், சராசரி 230 நொடி. அதாவது 23 நொடி. புதுத் துறைமுகம் எதுவும் போகவில்லை, கணினி இன்னும் 1.4 என்றுதான் காட்டுகிறது. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் ஜி.எம். 1.25-தான் வருகிறது. எங்கே தப்பு செய்தேன்?

ஸ்டாப்வாட்ச்:

நீ தப்புச் செய்ததாக ஏன் முடிவு கட்டுகிறாய்? 0.8 குத்துமதிப்பு எண், கப்பலுக்குக் கப்பல் மாறும். அதனால் ஒரு அளவை வைத்துக் கூரை மேல் ஏறிக் கத்தாதே. ஆனால் பெட்டிகளின் எடை சீட்டில் உள்ளதைவிட மேலடுக்கில் அதிகமாக இருந்தாலும் இப்படி வரும், நிறைந்திருப்பதாகக் கணக்கில் உள்ள பாலஸ்ட் டாங்க் (சமநிலைக்குக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) அரைகுறையாக இருந்தாலும் வரும். அரைகுறை டாங்கில் தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் ஓடி ஜி.எம்.-ஐத் தின்னும். சீஃப் ஆபிசரிடம் இந்த எண்ணைக் காட்டு.

கயிறும்கொக்கியும்:

காட்டும்போது டர்ன்பக்கிளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வா.

முதல்பயணம்:

காட்டினேன். ஐந்து நிமிடம் பேசாமல் தாளைப் பார்த்தார். அப்புறம் சவுண்டிங் டேப்பை (டாங்கில் நீர்மட்டம் அளக்கும் நாடா) கையில் கொடுத்து எல்லா டாங்கையும் அளக்கச் சொன்னார். இரண்டில் ஏட்டில் நிறைந்திருந்தது, டேப்பில் பாதிக்குச் சற்று மேல். இப்போது பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. நிரம்பியதும் திரும்பவும் பத்து உருளல் எண்ணச் சொல்லியிருக்கிறார்.

அண்ணே, போசனோடு போய் டர்ன்பக்கிளும் பார்த்தோம். நாற்பது பார்த்ததில் ஒன்பது கையால் சுற்றின.